தடுப்பூசிப் பெட்டியில் வந்த வாக்குகள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மட்டக்களப்பு நகரில், வாவியை ஒட்டியிருந்த ஒரு சிறிய அரிசி ஆலைக் கம்பனியில் நான் செயலாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். செயலாளர் என்றதும் தட்டச்சுப் பொறியை நினைத்துக்கொள்ளாதீர்கள். கம்பனிச் செயலாளர் என்பது வேறு வேலை. கூட்டங்களை முறைப்படி கூட்ட வேண்டும். பணிப்பாளர்கள் எடுக்கும் முடிவு சட்டத்துக்கு உட்பட்டதா என்று பார்க்க வேண்டும். பங்குதாரர்களுக்குத் தெரியவேண்டிய விடயம் அவர்களுக்குத் தெரிந்ததா என்று கவனிக்க வேண்டும். என் வீட்டாருக்கே இது கடைசி வரை விளங்கவில்லை. “கம்பனியில என்னவோ எழுதுறாள்” என்றுதான் அம்மா அயலவர்களுக்குச் சொல்லுவா.

அந்தத் தொழிலுக்கான பரீட்சைகளைத் தபால் மூலம் படித்து எழுதிக்கொண்டிருந்தேன். பாடங்கள் கொழும்பிலிருந்து வரவேண்டும். சில வேளை பரீட்சை முடிந்த பிறகு வந்து சேரும். பாதை பூட்டினால் பரீட்சையும் இல்லை, அடுத்த முறைதான். இப்படிப் படிப்பை முடிக்காமல் நின்ற ஒரு பெண்பிள்ளையை நம்பி அந்தக் கதிரையில் இருத்தியவர் ஆலையின் முகாமைப் பணிப்பாளர். நான் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவேன். கொழும்புக்குப் பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் அரிசி லொறியில் எனக்கு முன் இருக்கை கேட்டு வாங்கித் தருவார். திரும்பி வந்ததும் “எப்பிடிப் புள்ள எழுதினாய்?” என்று கேட்பார். அந்த மனிதருக்கு எதிராக ஒரு நாள் நான் வாய் திறக்க வேண்டி வரும் என்று நினைத்திருக்கவில்லை.

எங்கள் பங்குதாரர்களில் பாதிப் பேர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்த நெல் விவசாயிகள். வவுணதீவு தொடங்கி உன்னிச்சைக் குளத்துப் பக்கம் வரை அவர்களுடைய வயல் வட்டைகள் இருந்தன. ஆலை தொடங்கிய காலத்தில் ஆளுக்குச் சில பங்குகள் வாங்கிச் சேர்ந்தவர்கள். மீதிப் பேர் நகரத்து வியாபாரிகள். சண்டையில் ஆலை அடிபட்டு, ஒரு இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், கொழும்பிலிருந்து ஒருவர் ஆலையையும் காணியையும் விலைக்குக் கேட்டு வந்தார். ஐயாவுக்கு விற்றுவிட விருப்பம். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கொழும்பில் இருந்தார்கள். ஒவ்வொரு முறை தொலைபேசி எடுக்கும்போதும் “எப்ப வாறீங்க?” என்பதுதான் முதல் கேள்வி. அவர் களைத்துப் போயிருந்தார். ஆனால் படுவான்கரை ஆட்களுக்கு ஆலை போனால் நெல்லை நெல்லாகவே, வருகிற வியாபாரி சொல்லும் விலைக்குக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

விற்பதற்குப் பங்குதாரர்களின் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் வேண்டும். அதற்கு எல்லோருக்கும் அறிவித்தல் போக வேண்டும். படுவான்கரைக்குத் தபால் ஒழுங்காகப் போகாத காலம் அது.

“தபால்ல போட்டாச் சரிதானே புள்ள,” என்றார் ஐயா. “போட்டாலே சேந்த மாதிரி எண்டுதானே சட்டம் சொல்லுது.”

“சட்டத்துக்குச் சேந்திரும் ஐயா. ஆக்களுக்குச் சேராது.”

நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சொன்னேன். மறுக்கவில்லை. வெளியே போய் என் சைக்கிள் சில்லுகளை அமத்திப் பார்த்துவிட்டு, ஆலைப் பம்பை எடுத்து வந்து தன் கையாலேயே காற்று அடித்தார். “போறதெண்டா வெள்ளனப் போ. பாலம் மூட முந்தி வந்திரு,” என்றார்.

மறுநாள் காலை, வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போகும் பாலத்தடிச் சோதனைச்சாவடி வரிசையில் நின்றேன். என் பையைத் திறந்த சிப்பாய் கடித உறைகளைப் பார்த்தான். எல்லாவற்றிலும் படுவான்கரைப் பெயர்கள், படுவான்கரை ஊர்கள். ஒன்றைப் பிரித்தான். உள்ளே தமிழும் ஆங்கிலமுமாக இருந்ததில் அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆங்கிலச் சொல்.

“மொன மீட்டிங்?” என்றான். என்ன கூட்டம் என்று கேட்கிறான். எனக்கு வந்த சிங்களம் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கும் அளவுதான். பங்குதாரர், தீர்மானம் என்றெல்லாம் சொல்ல எனக்கு எங்கே சொல் கிடைக்கும்? அந்தக் காலத்தில் போராளிகளின் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரை ஆட்களுக்குக் கூட்டம் வைக்கிறேன் என்று ஒரு தமிழ்ப் பெண் சொன்னால் அது எங்கே போய் முடியும் என்பது எனக்குத் தெரியும். அவன் மேலதிகாரியைக் கூப்பிடத் திரும்பினான்.

அப்போது எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் முன்னுக்கு வந்தார். வெள்ளைச் சேலை, கையில் குடை, தோளில் தடுப்பூசி கொண்டுபோகும் குளிர்ப்பெட்டி. எங்கள் பக்கத்தில் மருத்துவிச்சிகளை மிஸி என்போம். படுவான்கரையில் வேலை செய்யும் மிஸி அவர். தடுப்பூசி எடுக்க நகரத்துக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்தார். கடிதத்தைச் சிப்பாயின் கையிலிருந்து வாங்கி ஒருமுறை வாசித்துவிட்டு, நல்ல சிங்களத்தில் சிப்பாயிடம் ஏதோ சொன்னார். அவன் சிரித்துவிட்டான். உறைகளைத் திரும்பப் பையில் போட்டு, போகச் சொன்னான்.

பாலத்தைக் கடந்த பிறகும் நான் திரும்பித் திரும்பிச் சாவடியைப் பார்த்துக்கொண்டே போனேன். மிஸி தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

“பயந்திட்டியா மனே? அவனும் பயந்துதான் கேக்கான்.”

“என்ன சொன்னீங்க மிஸி?”

“மில்லுக்காரங்கள் தங்கட முதலாளிமாரக் கூப்பிட்டு ஏச்சு வாங்கப் போறாங்க, அதுக்கு அழைப்பிதழ் எண்டு சொன்னன். பிழையா?”

பிழையே இல்லை. பொதுக்கூட்டத்துக்கு அதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை.

நான் எங்கெல்லாம் போகவேண்டும் என்று கேட்டார். உன்னிச்சைப் பக்கம் என்றதும் தலையை ஆட்டினார். “நீ அங்க போய்த் திரும்ப ஏலாது. தூரத்து வீடுகள என்னட்டத் தா. எனக்கு அந்தப் பக்கமெல்லாம் புள்ளைகள் இரிக்கு, நிறை பாக்கப் போறன்.” பிறகு இரண்டாவது தாளைக் காட்டி, அது என்ன என்று கேட்டார். வர முடியாதவர்கள் தங்களுக்குப் பதிலாக வந்து வாக்குப் போட ஒருவரை நியமிக்கும் பத்திரம், பதிலாள் பத்திரம் என்று விளங்கப்படுத்தினேன். யாரை வேண்டுமானாலும் போடலாம், ஆனால் கூட்டத்துக்கு இரண்டு நாட்களுக்கு முன் அது எங்கள் கந்தோருக்கு வந்து சேர வேண்டும் என்றேன். மிஸி தூரத்து வீடுகளின் உறைகளை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். கிட்டவுள்ள வீடுகளுக்கு நான் போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பத்திரங்கள் வந்து சேரவேண்டிய கடைசி நாள் பாலத்தை மூடிவிட்டார்கள். எங்கோ சண்டை. படுவான்கரையிலிருந்து ஒருவரும் கூட்டத்துக்கு வர முடியாது என்பது தெரிந்துவிட்டது. கந்தோர் பூட்டும் நேரம் நெருங்கியது. கதவைச் சாத்த எழும்பினேன்.

வாசலில் மிஸி நின்றார். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. “தோணியில வந்தன்,” என்று சொல்லிக்கொண்டே குளிர்ப்பெட்டியை என் மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே ஊசிமருந்து இல்லை. கைநாட்டும் கையெழுத்துமாக, சாட்சி ஒப்பத்தோடு, பதிலாள் பத்திரங்கள். அவரிடம் தண்ணீர் போகாத பெட்டி அது ஒன்றுதான் இருந்ததாம். எல்லாப் பத்திரத்திலும் பதிலாள் என்ற இடத்தில் மிஸியின் பெயர்.

“நான் என்ட பேரப் போடச் சொல்லிக் கேக்கல்ல கா. டவுனுக்குப் போய் வாற ஆள் எண்டா அவங்களுக்கு நான்தானே,” என்றார் கூச்சத்தோடு. நான் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பாலம் திறக்கும் வரை நகரத்தில் அவருடைய அக்கா வீட்டில் தங்கினார்.

கூட்டம் ஆலையின் நெற்களஞ்சியத்தில் நடந்தது. கம்பனித் தலைவர் நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்த அமைதியான மனிதர். அவருக்குப் பக்கத்தில் நான். முன் வரிசையில் ஐயா. கடைசிக் கதிரையில், குடையை மடியில் வைத்துக்கொண்டு மிஸி. விற்பனைத் தீர்மானத்தை முன்வைத்தார்கள். விரும்புகிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். நகரத்துக் கைகள் நிறைய உயர்ந்தன. எதிர்ப்புக்கு ஒன்றிரண்டு. மிஸி என்னைப் பார்த்தார். நான் கண்ணால் இல்லை என்றேன். கை தூக்கும் வாக்கெடுப்பில் பதிலாளின் கை எண்ணப்படாது, அதுதான் விதி. ஆனால் யாராவது கேட்டால், பங்குக் கணக்கில் திரும்ப எண்ண வேண்டும். அப்போது பதிலாளின் வாக்கும் சேரும். அப்படிக் கேட்கலாம் என்பது அந்தக் களஞ்சியத்தில் என்னையும் ஐயாவையும் தவிர யாருக்கும் தெரியாது.

முடிவை அறிவிக்க முன், வழக்கப்படி தலைவர் என் பக்கம் திரும்பினார். “செயலாளர், வேறொண்டும் இல்லையே?”

நான் பேசாமல் இருந்திருந்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. எனக்குச் சம்பளம் தருகிறவர், லொறியில் இடம் பிடித்துத் தந்தவர், என் சைக்கிளுக்குக் காற்று அடித்தவர் முன்னால் இருந்தார். தலைவரைப் பார்த்துச் சொன்னேன்.

“ஒண்டு இரிக்கு, தலைவர். பதிலாளா வந்தவங்களுக்குக் கை தூக்க ஏலாது. ஆனா பங்குப்படி எண்ணச் சொல்லிக் கேக்கிற உரிமை இரிக்கு. நீங்க முடிவு சொல்ல முந்திக் கேக்க வேணும்.”

ஐயா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

கடைசி வரிசையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. “அப்ப நான் கேக்கிறன்,” என்றார் மிஸி.

ஐயா எழுந்து, கைநாட்டு வைத்த பத்திரம் செல்லுமா என்று கேட்டார். “சாட்சி இரிக்கு ஐயா, செல்லும்,” என்றேன். மிஸி மேசைக்கு வந்து பத்திரங்களை இரண்டு அடுக்காகப் பிரித்தார். பெரிய அடுக்கைத் தலைவர் பக்கம் தள்ளி, “இவங்க விக்க வேணாம் எண்டவங்க,” என்றார். பிறகு சின்ன அடுக்கையும் தள்ளினார். “இந்த ஆக்களுக்கு விக்க விருப்பம். அதையும் எண்ணுங்க.”

அந்தச் சில வாக்குகளை அவர் படுவான்கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாலும் கேட்பார் இல்லை. எண்ணி முடித்தபோது தீர்மானம் தோற்றது, பெரிய வித்தியாசத்தில் அல்ல.

வெளியே வந்து மிஸிக்கு நன்றி சொன்னேன். விற்கச் சொன்னவர்களின் பத்திரத்தையும் ஏன் தோணியில் சுமந்து வந்தீர்கள் என்று கேட்டும்விட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை போல் பார்த்தார்.

“அந்த வீடுகளிலயும் புள்ளை இரிக்கே மனே. அடுத்த கிழமை எந்த முகத்தோட படியேறுறது?”

மறுநாள், வேலை போய்விட்டது என்ற நினைப்பில், மேசை லாச்சியிலிருந்த என் சாமான்களைப் பையில் போட்டு வைத்துக்கொண்டுதான் ஐயாவுக்காகக் காத்திருந்தேன். அவர் வந்து, கூட்ட அறிக்கையை உள்ளபடி எழுதச் சொல்லிவிட்டுப் போனார். பல வாரங்கள் வேலைப் பேச்சுத் தவிர வேறு பேச்சு இல்லை. அவர் கொழும்புக்குப் போகவும் இல்லை. இரண்டாவது இயந்திரத்தைத் திருத்த ஆள் தேடி அலைந்தார். ஆலை அமோகமாக ஓடியது என்று சொல்லமாட்டேன், சண்டை வந்தால் நின்றது, ஓய்ந்தால் ஓடியது.

பரீட்சைகளை முடித்த பிறகு, என் தொழில் அனுபவத்தை உறுதிப்படுத்தி ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்று எங்கள் தொழிலுக்கான சங்கம் கேட்டது. தயங்கித் தயங்கி ஐயாவிடம் போனேன். பேனையை எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“முதலாளிக்கு எதிராயும் விதியைச் சொல்லுவாள் எண்டு எழுதட்டா?”

நான் தலை குனிந்தேன். “எழுதத்தான் வேணும் புள்ள. அதுதானே உன்ட வேலை,” என்று சிரித்தார். அவ்வளவு காலத்துக்குப் பிறகு அவர் சிரித்ததைக் கண்டு எனக்குத்தான் அழுகை வந்தது.

இப்போது கொழும்பில் வேலை. இந்தத் தொழிலுக்கு வரும் இளம் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கப் போவதுண்டு. அண்மையில் ஒரு பிள்ளை எழுந்து, விதிகள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன, கூட்டங்கள் கணினித் திரைக்கு வந்துவிட்டன, பாதி வேலையைக் கணினியே செய்கிறது, பணிப்பாளர்கள் எங்களை ஏதோ எழுதுவினைஞர் போல் நடத்துகிறார்கள், இதில் முன்னேறுவது எப்படி என்று கேட்டது. ஒவ்வொன்றும் உண்மைதான். புதிய சட்டத்தைப் படியுங்கள், கணக்கு வாசிக்கப் பழகுங்கள், மூன்று மொழியும் பேசப் பழகுங்கள் என்று சொல்லவேண்டியதை எல்லாம் சொன்னேன். பிறகு மிஸியின் கதையையும் சொன்னேன். வகுப்பு முடிந்தும் பிள்ளைகள் எழும்பாமல் இருந்தார்கள்.

மிஸியை அதற்குப் பிறகு சில முறை பாலத்தடியில் கண்டேன், பிறகு இடம் மாறிப் போனார் என்று கேள்விப்பட்டேன்; இன்றும் வாக்குகளை எண்ணும் மேசையில் இருக்கும்போதெல்லாம், எனக்குப் பிடிக்காத பக்கத்து வாக்கைத்தான் இன்னொரு முறை கவனமாகப் பார்க்கிறேன், அந்த வீட்டுப் படியையும் நாளைக்கு நான் ஏற வேண்டும் என்ற நினைப்போடு.