காந்திமதி அத்தைக்கு ஒரு புடவை

நாலு பேர் கூடினால் போதும், எங்கள் சொந்தக்காரர்கள் வடக்குப்பட்டுத் தாத்தா வீட்டைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்கள். லீவுக்கு வந்தது, கேழ்வரகு அடையும் கருவாட்டுக் குழம்பும் தின்றது, கிணற்றில் குதித்தது. அந்த அடையைச் சுட்டது யார், கிணற்றில் தத்தளித்த பிள்ளைகளை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டது யார் என்று ஒருத்தர் வாயிலும் வராது. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காந்திமதி அத்தை. என் அப்பாவின் தங்கை. பிள்ளைப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்குள் கட்டின ஆள் இன்னொருத்தியைக் கூட்டிவந்து நடுவீட்டில் உட்காரவைத்தான். அத்தை அழவில்லை. சீராகக் கொண்டுபோன பசுமாட்டை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தே பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"மாடு என் அப்பன் குடுத்தது. தாலி ஊரைக் கூட்டிக் கட்டினது. ரெண்டுல எதை நான் வுட்டுட்டு வரணும்?" என்று கேட்டாளாம்.

எங்கள் அம்மா செத்த பிறகு என்னையும் தம்பி பகலவனையும் வளர்த்தவள் அவள்தான். தம்பி அவள் கறந்த பாலில் காலேஜ் படித்தான். நான் நாலாவதோடு நின்றவன். மாட்டுவண்டியில் மணல் ஓட்டி, டிராக்டர் வாங்கி, அப்புறம் தண்ணீர் லாரி விட்டேன். ஒரகடத்தில் பாதி கம்பெனிக்காரர்கள் கை கழுவுவது என் தண்ணீரில்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். கம்பெனிகள் வந்து நிலம் விலை ஏறியதும் தாத்தா வீட்டை விற்றுவிடலாம் என்று எல்லாரும் துடித்தார்கள். அதைப் பங்கு பங்காக வாங்கி நிறுத்தியவனும் இந்த முனிரத்தினம்தான். அத்தை அந்த வீட்டிலேயே இரண்டாயிரத்து எட்டில் கண்ணை மூடினாள். கழுத்தில் தாலியோடு.

நாலு வருஷம் கழித்துத் தம்பி மகள் நிலாவுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படையல் போட வேண்டும். தாலியோடு செத்துப்போன வீட்டுப் பெண்கள்தான் அந்தச் சாமி. பெயர் சொல்லி அழைத்துப் புடவை வைக்க வேண்டும். அதைப் பழைய வீட்டில்தான் செய்ய முடியும் என்பதால் எல்லாரும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"யார் யார் பேரு, சொல்லும்மா" என்றார் மேளம் அடித்துச் சாமியை அழைக்க வந்த பம்பைக்காரர். தம்பி பெண்டாட்டி தேசம்மாள் வரிசையாகச் சொன்னாள். நான் பார்த்தேயிராத கிழவிகள் பெயரெல்லாம் வந்தது.

"காந்திமதி" என்றேன் நான்.

"இன்னா மாமா நீ! அவங்க வாழாம வந்தவங்க. பொண்ணு மஞ்சள் பூசிகினு உக்காந்துகீது. இப்ப அந்தப் பேரை இழுக்கணுமா?" என்றாள் தேசம்மாள்.

"அப்ப அம்பது வருசம் இந்த வூட்ல அவ செத்தா கிடந்தா?"

"அண்ணா, கத்தாத" என்றான் தம்பி. "சுமங்கலியா போனவங்களுக்குத்தான் வெக்கறது. முறைன்னு ஒண்ணு கீது இல்ல?"

"அவளும் தாலியோடதான்டா போனா. கட்டுனவன் இன்னும் உசுரோட கீறான்."

"அத எவன் கண்டான்?" என்றாள் தேசம்மாள்.

அவ்வளவுதான், வண்டியை எடுத்தேன். ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. புகுந்து புகுந்து பிள்ளைப்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். அத்தையைக் கட்டினவர் டீக்கடையில் பொறை ரொட்டியை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

"மாமா, வண்டில ஏறு. உன் பொண்டாட்டிக்குப் படையல்."

"எந்தப் பொண்டாட்டிக்கு?" என்று கேட்டார். அறைந்திருப்பேன். எண்பது வயசு தடுத்தது.

கொண்டுவந்து படையலுக்கு எதிரில் உட்காரவைத்தேன். "இதோ கீறாரு. மூச்சு வுடறாரு. சந்தேகம்னா தொட்டுப் பாரு."

தம்பி விடவில்லை. "கட்டிக்குடுத்த பொண்ணு அந்த வூட்டு சாமிண்ணா. அவங்கதான் வெக்கணும்."

நான் கிழவர் பக்கம் திரும்பினேன். "உங்க வூட்ல அவளுக்கு எப்பனா புடவை வெச்சீங்களா?"

"சின்னவ ஒத்துக்கல" என்றார் தரையைப் பார்த்து.

"கேட்டுக்கடா படிச்சவனே! அங்கயும் இல்ல, இங்கயும் இல்லன்னா அவ எங்கடா போய் நிப்பா?"

பம்பைக்காரர் தொண்டையைச் செருமினார். "புருசன் எதிர்ல உக்காந்துகினு கீறாரு. அப்புறம் இன்னாப்பா? சுமங்கலிதான். புடவையக் கொண்டா."

முன்கூட்டியே வாங்கிவைத்திருந்த கனகாம்பரக் கலர் புடவையை நானே எடுத்து வைத்தேன். பம்பை முழங்கியது. காந்திமதி என்று பெயர் சொல்லி அழைத்தார்கள்.

"விழுந்து கும்பிடு மாமா."

"அவள நான் கும்பிடறதா?"

"இப்ப அவ சாமி. கும்பிடு."

தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் குனிந்து, தரையில் விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. கையை என் பக்கம் நீட்டினார்.

கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.