கெர்லிண்டே ஜெயித்த தேர்தல்

கெர்லிண்டேவுக்கும் மேயர் ஹன்னலோரேவுக்கும் ஆகவே ஆகாது. கடற்கரையில் பிரம்பு நாற்காலிகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவள் கெர்லிண்டே. மேயர் அங்கே வண்டி நிறுத்தும் கட்டணத்தை ஏற்றியதில் பாதிக் கூட்டம் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. அந்த வயிற்றெரிச்சலில்தான் அவளை எதிர்த்துத் தேர்தலில் நின்றாள்.

ஆனாலும் காலையில் இருவரும் குளிப்பது ஒரே இடத்தில்தான். பால்டிக் கடலோரத்தில், மணல்மேட்டுக்குப் பின்னால் பிறந்த மேனியாகக் குளிப்பது ஊர் வழக்கம். கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். மேயரும் குளிப்பார், மீன்காரரும் குளிப்பார். யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. சண்டையைக்கூடத் துணி மாட்டிய பிறகுதான் போடுவார்கள்.

அங்கே எவனோ ஒரு வெட்கங்கெட்டவன் ஒளிந்திருந்து மேயரைப் படம் பிடித்துப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டான். ஊரே சிரித்தது.

"அக்கா, நாம ஜெயிச்ச மாதிரிதான்" என்று பத்திரிகையோடு வந்து நின்றான் கெர்லிண்டேவுக்குப் பிரச்சார வேலை பார்த்த தோர்ஸ்டன்.

"வாயை மூடுடா. ஓரத்துல ஒரு முழங்கால் தெரியுது பாரு, அது என்னுது. நீயும் உங்கப்பனும் அங்கதானே குளிக்கிறீங்க?"

"நாம சாதாரண ஆளுங்கக்கா. அவங்க மேயர். ஒரு மரியாதை வேணாமா?"

"ஏன், மேயருன்னா துணியோடவா பொறந்தா? கட்டணத்தை வச்சு அவளைத் தோக்கடிக்கத்தான்டா நின்னேன். அவ தொப்பையை வச்சு இல்ல."

அவனை அப்படியே விட்டுவிட்டு நேரே ஹன்னலோரே வீட்டுக்குப் போனாள். பகலிலேயே திரைச்சீலை மூடியிருந்தது.

"தேர்தலை விட்டு ஓடாத. நின்னு, என்கிட்ட தோத்துட்டுப் போ."

"முடியலடி. ரொட்டி வாங்கப் போனா அந்த உர்சுலா என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறா. பார்வை கீழ போவுது."

"அவ நம்மகூடக் குளிக்கிறவதானே?"

"அதைத்தான் சொல்றேன்."

மறுநாளே ஹன்னலோரே போட்டியிலிருந்து விலகிவிட்டாள். கெர்லிண்டே ஜெயித்தாள். தோர்ஸ்டன் நீட்டிய பூங்கொத்தை அவள் கையால்கூடத் தொடவில்லை. நேர்மையாகப் பறிக்க வேண்டிய நாற்காலியை ஒரு பொறுக்கி எடுத்துக் கொடுத்துவிட்டான் என்று உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த நாள் காலை கடற்கரைக்குப் போனாள். ஹன்னலோரே வரவில்லை. ரொட்டிக் கடை உர்சுலா எப்போதும்போல் ஒட்டுத் துணியில்லாமல் மணலில் உட்கார்ந்திருந்தாள்.

"மேயரம்மா, நீங்களாவது கொஞ்சம் பாத்து இருங்க" என்றாள், அக்கறையாகத்தான்.

"உன் வேலையைப் பாருடி" என்று சீறினாள் கெர்லிண்டே. சீறிவிட்டு மணல்மேட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு போட்டிருந்த சட்டையோடு தண்ணீரில் இறங்கினாள்.