மெர்சி மீது ஒரு பிராது

“யாராச்சும் எம்மேல ஒரு பிராது கட்டுங்களேன்” என்று கேட்டபடி, ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டும் மறு கையில் மோர் டம்ளருமாக மெஸ்ஸில் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கிறார் மெர்சி. மாணவர்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்கிறார்கள். “போன வாரந்தான கட்டினோம், மேடம்” என்று ஒருத்தி முனகுகிறாள். “அது சப்பைப் பிராதும்மா. எழுத்துப் பிழையெல்லாம் ஒரு பிராதா? என் ஆராய்ச்சியே தப்புன்னு ஒண்ணு கட்டு. சாயங்காலம் டீயும் வடையும் என் செலவு.” அந்தப் பெண் வடைக்கும் மசியவில்லை.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையின் ஓரத்தில், முன்பு பீங்கான் குழாய் செய்துகொண்டிருந்த நீளமான கொட்டகையில் நடக்கிறது இந்தப் பொதுக்கொள்கைப் பட்டமேற்படிப்புப் பள்ளி. அரசாங்கம் போடுகிற திட்டம் யாருக்குப் போய்ச் சேருகிறது, யாருக்குச் சேரவில்லை, ஏன் சேரவில்லை என்று ஆராய்வதுதான் இங்கே படிப்பு. நூலகத்தில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் விரலில் வெள்ளை மாவு ஒட்டும். பக்கத்துப் பட்டறைகளின் களிமண் தூசி. இயக்குநர் முதல் காவலாளி வரை அவரவர் தட்டை அவரவரே கழுவ வேண்டும் என்று ஒரு விதி உண்டு. கழுவும் தொட்டியருகே நடக்கும் சண்டைகளில்தான் பாதி ஆராய்ச்சி பிறக்கிறது.

பிராதும் இந்த மண்ணின் சரக்குதான். கொளஞ்சியப்பர் கோயிலில், மனக்குறையைத் தாளில் எழுதிக் கட்டிவிட்டு வருவது ஊர் வழக்கம். அதை முதல் ஆண்டு மாணவர்கள் விளையாட்டாக மெஸ் ஜன்னலுக்குக் கொண்டுவந்தார்கள். விளையாட்டு விதியாகிவிட்டது. யாருடைய ஆய்வில் ஓட்டை தெரிந்தாலும் எழுதி ஜன்னல் கம்பியில் கட்டலாம். வெள்ளிக்கிழமை டீ நேரத்தில், ஆய்வு செய்தவர் எல்லோர் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும். கட்டியவர் மனம் ஒப்பி அவிழ்த்தால்தான் அது தீரும். வியாழக்கிழமை வந்தால் மற்றவர்கள் அந்த ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை. மெர்சியோ தினமும் காலையில் மல்லிகைச் செடியில் மொட்டு பார்க்கிற மாதிரி போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

அவருடைய அம்மா அன்னாளுக்கு இதில் பெரிய வருத்தம். “ஞாயித்துக்கெழம பூசைக்குப் போற பொண்ணு, வெள்ளிக்கெழம பிராதுக்கு நிக்கிது. ஃபாதரு கேட்டா நான் என்னா சொல்றது? வயசு நாப்பது ஆவப்போவுது, இன்னும் படிக்கிறேங்குது” என்று மாதா கோயில் வாசலில் சந்திக்கிறவர்களிடமெல்லாம் புலம்புவார். அந்தப் புலம்பலுக்குள் இருக்கும் பெருமை கேட்கிறவர்களுக்குத் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது.

மாதா கோயில் நடத்தும் பங்குப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த மெர்சி, வேலையை உதறிவிட்டு இங்கே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர். கோப்பையின் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் எங்கேயும் எதையும் குடிக்க மாட்டார். எந்தப் பட்டறையில் செய்தது, யார் கைபட்டது என்று தெரிந்தாக வேண்டும். ஒரு கல்யாண வீட்டில் காபி நிரம்பியிருப்பதை மறந்து கவிழ்த்துப் பார்த்ததில், சம்பந்தியம்மாள் நனைந்த பட்டுப்புடவையோடு ஓடினார். மெர்சி மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, “நம்ம பேட்டைச் சரக்குதான்” என்று பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொல்லவும் செய்தார்.

ஆய்வுக்குப் போகிற இடத்திலும் மேடம் மாதிரி நாற்காலியில் உட்காரத் தெரியாது. பொம்மைக்கு வண்ணம் தீட்டும் பெண்களோடு தரையில் உட்கார்ந்து தானும் ஒரு தூரிகையை எடுத்துக்கொள்வார். “டீச்சரு கண்ணு வரைஞ்சா புள்ளையாரே மாறுகண்ணா பாக்குறாரு, அதக் கீழ வைங்க” என்று அவர்கள் சிரிப்பார்கள். சிரித்தபின் பேசுவார்கள்.

அப்படிப் பேசிப் பேசித்தான் மூன்று வருடத்தில் அந்த ஆய்வு உருவாயிற்று. பட்டறைப் பெண்களின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளத் தொழிற்பேட்டைக்குள்ளேயே ஒரு காப்பகம் வேண்டும் என்பது அதன் முடிவு. ‘காப்பகம் வந்தால் பயன்படுத்துவீர்களா?’ என்ற கேள்விக்கு, கேட்ட பெண்கள் அத்தனை பேரும் ஆமாம் என்றிருந்தார்கள். அறிக்கை மேலே போனது. அதிசயமாக, மேலேயிருந்து பதிலும் வந்தது. பேட்டையில் பூட்டிக் கிடந்த ஒரு கூடத்தை ஒதுக்கி, வெள்ளையடித்து, சுவரில் கிளியும் முயலும் வரைந்துவிட்டார்கள். பள்ளியில் இனிப்பு கொடுத்தார்கள். எழுதிய ஒரு வரி கண்ணுக்குத் தெரியும் கட்டடமாக மாறுவது கொள்கை படிக்கிறவர்கள் வாழ்க்கையில் அடிக்கடி நடப்பதில்லை.

திறப்பு விழாவுக்கு முன் குழந்தைகளின் பெயரைக் குறித்துவர மெர்சியே பட்டறைக்குப் போனார். ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை.

“எம்புள்ளைக்கு வூட்ல மாமியா இருக்காங்களே டீச்சர்” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தியின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயது. “அப்ப ஏங்க்கா வேணும்னு சொன்னீங்க?” என்று கேட்டார் மெர்சி. அவர்களில் மூத்தவரான கொளஞ்சியம்மாள் தூரிகையை நீரில் அலசிக்கொண்டே சொன்னார்: “புள்ளயப் பாத்துக்க ஆளில்லாம வேலைய வுட்டு நின்னுட்டவங்க நெறைய பேரு இருக்காங்கல்ல? அவுங்களுக்கு ஆவட்டும்னுதான் எல்லாரும் ஆமான்னோம்.”

வராதவர்களுக்காக வந்தவர்கள் சொன்ன ஆமாம் அது. நல்ல மனசால் சொன்னது. மெர்சி அதை அவரவர் தேவை என்று கூட்டிக் கணக்குப் போட்டிருக்கிறார். வேலைக்கு வர முடிந்தவர்களிடம் மட்டுமே கேட்டிருக்கிறார். வர முடியாமல் வீட்டில் இருந்தவர்களின் வாசலை மிதிக்கவே இல்லை.

மறுநாளே, அவர்கள் வழி சொன்னபடி, கருவேப்பிலங்குறிச்சிக்குப் பஸ் ஏறினார். குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட பானுமதியைப் பார்த்தார். அவள் சொல்லி, அதே தெருவில் இன்னும் சிலரைப் பார்த்தார். எல்லோருக்கும் வேலைக்குத் திரும்ப ஆசை. பேட்டைக் காப்பகம் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். காலை பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போகவேண்டும். கைக்குழந்தையோடு எப்படி ஏறுவது? காப்பகம் ஊருக்குள் இருந்தால் விட்டுவிட்டுப் போகலாம்.

அந்த வாரம் ஜன்னல் கம்பியில் ஒரே ஒரு பிராதுதான் தொங்கியது. வெள்ளிக்கிழமை இயக்குநர் குருமூர்த்தி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “மெர்சி ஆய்வு மேலதான் இருக்குது. யார் கட்டினது?” என்று கேட்டார்.

“நாந்தான் சார்.”

“பதில் சொல்லவேண்டியது?”

“அதுவும் நாந்தான்.”

கொட்டகை சிரித்து ஓய்ந்தது. மெர்சி நடந்ததைச் சொல்லச் சொல்ல டீ ஆறியது. முடித்தபோது குருமூர்த்தியின் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல. அரசு அலுவலகங்களின் படிக்கட்டு தேய நடந்தவர். “யோசிச்சுப் பாரும்மா. கட்டடம் கையில வந்தாச்சு. இப்பப் போயி இங்க வேணாம், ஊர்ல வேணும்னா, இதுவும் போயிடும், அதுவும் வராது. மூடின ஃபைல மறுபடி தொறக்க மாட்டாங்க. உன் பட்டமும் ஒரு வருஷம் தள்ளிப் போவும். தொறக்கட்டும், அப்புறமா சரி பண்ணிக்கலாம்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. வாயை மூடிக்கொண்டால் ஒரு காப்பகமாவது மிஞ்சும். திறந்தால் ஒன்றுமே இல்லாமல் போகலாம். மெர்சி கோப்பையைக் கீழே வைத்தார். “சார், காலியா ஒரு காப்பகம் நடந்தா, நாலு மாசத்துல பொம்பளைங்களுக்கு இது தேவையில்லன்னு எழுதி மூடிடுவாங்க. அப்ப பானுமதிக்கு எப்பவுமே கெடைக்காது. கேக்காம வுட்டது நான். நாந்தான் போயி சொல்லணும்.” நம்மில் எத்தனை பேர் எழுந்து நின்று இப்படிச் சொல்லியிருப்போம்? அந்தப் பெண்ணைக் கும்பிடத்தான் தோன்றுகிறது. குருமூர்த்தி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, “லெட்டர் நான் எழுதுறேன், நீ கையெழுத்துப் போடு” என்றார்.

லெட்டர் கிடைத்த அதிகாரி தேவநாதன் போனிலேயே எரிந்து விழுந்தார். “வெளையாடுறீங்களா மேடம்? கிளியெல்லாம் வரைஞ்சு வச்சிருக்குது!” மெர்சி அசரவில்லை. நாள் விட்டு நாள் போன் செய்தார். ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் போதும், அப்புறம் தொந்தரவே கிடையாது என்றார். தொந்தரவே கிடையாது என்பதில் மயங்கித்தான் அவர் வந்திருக்க வேண்டும்.

கருவேப்பிலங்குறிச்சி நிறுத்தத்தில் ஜீப்பை விட்டு இறங்கிய தேவநாதன் சட்டை கசங்காமல் ஓரமாக நின்றார். வேலைக்குக் கிளம்பியவளைப் போலப் பானுமதி இடுப்பில் குழந்தையும் கையில் சோற்றுப் பையுமாக நின்றிருந்தாள். பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு வந்தது. படிக்கட்டில் ஆட்கள் தொங்கினார்கள்.

“கூட்டந்தான். எந்த ஊர்ல இல்ல?” என்றார் தேவநாதன். “ஒரு கொழந்தயத் தூக்கிக்கிட்டு ஏறுறது அவ்ளோ பெரிய விஷயமா மேடம்?”

மெர்சி பானுமதியைப் பார்த்தார், அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள். குழந்தையை வாங்கி அதிகாரியின் தோளில் சாய்த்து, சோற்றுப் பையை அவருடைய மறு கையில் மாட்டிவிட்டு, படிக்கட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார் மெர்சி.