பதினோரு மாதம் பெரியவள்

எங்கள் எதிர்வீட்டு அண்ணனுக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் ‘எதுக்கும்’. வெயில் கொளுத்துகிற நாளில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். ஏன் என்று கேட்டால், “எதுக்கும் இருக்கட்டும்” என்பார். லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் முப்பத்து நான்கு வருஷமாக மெக்கானிக். ஒரு கயிறு அறுந்தால் தாங்க ஐந்து கயிறு, ஐந்தும் போனால் பிடித்துக்கொள்ள ஒரு பிரேக், அதுவும் விட்டால் அடியில் ஒரு ஸ்பிரிங் என்று நாள் முழுக்க யோசிக்கிறவருக்கு வீட்டுக்கு வந்ததும் வேறு புத்தியா வந்துவிடும்?

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஆடைத் தொழிற்சாலையில் தைத்து முடித்த சட்டைகளைச் சரிபார்க்கிற பிரிவுக்கு அவர்தான் மேற்பார்வை. சட்டையை ஒருமுறை உதறினால் போதும், எந்தப் பொத்தான் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. அக்காவுக்கு உறவென்று மிச்சமிருப்பது ஒரே ஒரு தங்கை. அவள் கல்யாணமாகி வெளிநாட்டுக்குப் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. நடுவில் ஒரே ஒருமுறை, அப்பாவின் கடைசி நாட்களில் வந்து எட்டு நாள் இருந்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தங்கையின் போன் வரும். எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் அக்காவின் சிரிப்புச் சத்தம் கேட்கும். இந்த வருஷமாவது வா என்று தங்கை கேட்பதும், எல்லாம் தயார் பண்ணிக்கொண்டு டிக்கெட் போடலாம் என்று அண்ணன் பின்னாலிருந்து சொல்வதும் ஏழெட்டு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒரு ஞாயிறு சிரிப்பே கேட்கவில்லை. தங்கைக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. இனி நீண்ட நேரம் உட்கார்ந்து பயணம் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். நீ வந்தால்தான் உண்டு அக்கா என்று சொன்னாளாம்.

அன்று சாயங்காலமே அண்ணன் கடைக்குப் போய் நீல நிறத்தில் ஒரு தடித்த ஃபைல் வாங்கிவந்தார். உள்ளே மூன்று தடுப்பு. பத்திரம், உடம்பு, பணம் என்று தாள் ஒட்டினார். மூன்றும் நிறைந்த பிறகுதான் டிக்கெட் பக்கம் தலைவைத்துப் படுப்பேன் என்று என்னிடமே சொன்னார். அக்கா காய் நறுக்கிக்கொண்டே, ஃபைல் வாங்கியதற்கே ஏழு வருஷம் ஆகியிருக்கிறது, மூன்று தடுப்பு நிறைய இன்னும் இருபத்தோரு வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

முதல் தடுப்பிலேயே சிக்கல். அண்ணனுடைய பத்திரங்கள் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாக இருந்தன. அக்காவிடம் பிறப்புச் சான்றிதழே கிடையாது. பள்ளிச் சான்றிதழ் ஒன்றை வைத்தே கல்யாணம், வேலை, வங்கிக் கணக்கு எல்லாம் நடந்திருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு அதுவே போதும் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் விசா கேட்கிற இடத்தில் தங்கையோடு உறவை நிரூபிக்க இருவரின் பிறப்புச் சான்றிதழும் வேண்டும் என்று தெரிந்ததும் அண்ணன் லீவு போட்டு அக்காவை நகராட்சிக்கு அழைத்துப் போனார்.

பதிவேட்டு அறையில் இருந்த எழுத்தரம்மா நல்ல மாதிரி. பள்ளிச் சான்றிதழில் இருந்த வருஷத்துப் பதிவேட்டை முழுக்கப் புரட்டினார், இல்லை. அதற்கு முந்தின வருஷம், இல்லை. அதற்கும் முந்தின வருஷத்தில் அப்பா பெயரும் அம்மா பெயரும் பழைய வீட்டுக் கதவு எண்ணும் அச்சு அசலாக இருந்தன. பெண் குழந்தை. முதல் பிரசவம்.

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தனக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து இறந்திருக்கிறது, அதை யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்று நினைத்துவிட்டார். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். எழுத்தரம்மா அவசரப்படாமல் தங்கை பிறந்த வருஷத்துப் பதிவேட்டையும் எடுத்துவந்து பிரித்தார். தங்கையின் பதிவு அங்கே இருந்தது. அதில் இரண்டாவது பிரசவம் என்று எழுதியிருந்தது.

“நடுவுல வேற குழந்தையே இல்லைம்மா. அந்த முதல் குழந்தை நீங்கதான்” என்றார் எழுத்தரம்மா. “உங்க வயசுலதான் ரெண்டு வருஷத்த யாரோ முழுங்கிட்டாங்க.”

திரும்பி வர பஸ் ஏறினார்கள். அக்கா விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். அண்ணன் மனதுக்குள் எண்ணியிருக்க வேண்டும். தன்னைவிடப் பதின்மூன்று மாதம் சிறியவள் என்றுதான் பெண் பார்த்துக் கட்டிக்கொண்டார். அதில் இருபத்து நான்கு மாதம் கூடினால்? மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் மெதுவாகக் குனிந்து கேட்டிருக்கிறார்.

“இனிமே உன்னை நான் அக்கான்னு கூப்பிடணுமா?”

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன் என்று அக்காவே வந்து சொன்னார்.

அந்த ஞாயிறு போனில் விஷயத்தைச் சொன்னதும் தங்கை கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அம்மா வேலைக்குப் போய்விட, கைக்குழந்தையான தங்கையைப் பார்த்துக்கொள்ள அக்காவை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்களாம். தங்கைக்குப் பள்ளி வயது வந்ததும்தான் இருவரையும் ஒரே நாளில் ஒரே வகுப்பில் சேர்த்திருக்கிறார் அப்பா. பெரியவளுக்கு வயது கூடிப்போனதென்று சேர்க்க மறுத்துவிடுவார்களோ என்று பயந்து இரண்டு வருஷத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். கடைசி நாட்களில் இதைத் தங்கையிடம் சொல்லிவிட்டு, பெரியவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்று அழுதாராம்.

“எனக்காகத்தான் நீ ரெண்டு வருஷம் லேட்டா ஸ்கூலுக்குப் போன. எனக்கு மட்டும் எப்படி வாய் வரும் சொல்லு” என்றாள் தங்கை.

அக்கா போனை மறு காதுக்கு மாற்றினார். பிறகு, வகுப்பில் நான்தான் எல்லோரையும்விட உயரம், அதற்குக் காரணம் நான் நன்றாகச் சாப்பிட்டதுதான் என்று இத்தனை வருஷம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே என்றார். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அழுதார்கள்.

பத்திரங்களையெல்லாம் திருத்தி ஒரே தேதிக்குக் கொண்டுவர நான்கு மாதம் ஆனது. உறுதிமொழிப் பத்திரம், வக்கீல் கையெழுத்து, வங்கியில் ஒரு படிவம், தொழிற்சாலையில் ஒரு படிவம். இரண்டு வருஷம் முன்னதாக ஓய்வு பெற வேண்டியிருக்கும் என்று தொழிற்சாலையில் சொன்னபோது அக்கா கவலைப்படவே இல்லை. முப்பது வருஷமாக நின்றுகொண்டே வேலை செய்த காலுக்கு இது நல்ல சேதிதான் என்றார். பாஸ்போர்ட் வந்த அன்று அண்ணன் அதைப் பிரித்துப் பார்த்து, பிறந்த தேதியை இரண்டு முறை வாசித்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார்.

அடுத்தது உடம்பு. அக்காவுக்குச் சர்க்கரை லேசாக உண்டு, முட்டியும் ஒத்துழைக்காது. முழுப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் விமானத்தில் ஏற்றுவேன் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். தான் செய்துகொள்வதாக அவருக்கு எண்ணமே இல்லை. லிஃப்ட் ஓடாத கட்டடங்களுக்குத்தானே என்னைக் கூப்பிடுகிறார்கள், தினமும் பத்து மாடி ஏறுகிறவனுக்கு என்ன பரிசோதனை என்று கேட்டார். ஆனால் பரிசோதனை மையத்தில் கணவன் மனைவி சேர்ந்து வந்தால் இரண்டாவது ஆளுக்குப் பாதிக் கட்டணம் என்று பலகை வைத்திருந்தார்கள். பாதி விலையில் கிடைப்பதை விட மனசு வராமல் அவரும் போய்ப் படுத்தார்.

அக்காவுக்குப் பயப்படும்படி ஒன்றும் இல்லை. அண்ணனுக்கு இ.சி.ஜி. எடுத்த பெண் மூன்று முறை திரும்பத் திரும்ப எடுத்தாள். நாடி நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு. அன்றே இதய மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

இதயத்தின் மேல் அறையிலிருந்து கிளம்புகிற மின் துடிப்பு கீழ் அறைக்கு ஒழுங்காகப் போய்ச்சேரவில்லை என்று மருத்துவர் படம் போட்டுக் காட்டினார். அண்ணன் அதை உற்றுப் பார்த்துவிட்டு, மேல் மாடியில் பொத்தானை அழுத்துகிறார்கள், கீழே லிஃப்டுக்குச் சேதி வரவில்லை, அவ்வளவுதானே என்றார். இதைவிட நன்றாக என்னாலேயே சொல்ல முடியாது என்றார் மருத்துவர். படி ஏறும்போது மூச்சு வாங்குமா, தலை சுற்றுமா என்று கேட்டதற்கு, நாலைந்து மாதமாக ஏழாவது மாடியில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டியிருக்கிறது, வயசுதான் காரணம் என்று விட்டுவிட்டேன் என்றார். அக்காவுக்கு அது புதுச் சேதி. பேஸ்மேக்கர் வைக்காமல் விமானம் என்ன, படிக்கட்டுகூட வேண்டாம் என்று மருத்துவர் முடித்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் முன்யோசனை உள்ள மனிதர் இதற்கு மட்டும் அடம்பிடித்தார். முதலில் தங்கையிடம் போய்விட்டு வருவோம், வந்தபின் வைத்துக்கொள்கிறேன். மூன்றாவது தடுப்பில் இருப்பதை இதற்கு எடுத்தால் நீ உன் தங்கையைப் பார்க்கவே முடியாது என்று சொன்னார். நான் அப்போது அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“முப்பது வருஷமா நீங்க பெரியவர்னு சொல்லி, நீங்க சொன்னதையெல்லாம் கேட்டேன். கேட்டேனா இல்லையா?”

அவர் தலையசைத்தார்.

“இப்ப நகராட்சிக்காரங்களே முத்திரை குத்திக் குடுத்துட்டாங்க. நான்தான் பெரியவ. திங்கட்கிழமை போய்ப் படுக்கறீங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை போய்ப் படுத்தார். இடது தோளுக்குக் கீழே சின்னக் கீறல், உள்ளே தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். மருத்துவமனையில் கருவியின் எண்ணும் வைத்த தேதியும் போட்டு ஓர் அட்டை கொடுத்தார்கள்; விமான நிலையத்துச் சோதனையில் அதைக் காட்ட வேண்டுமாம். இதுவரை யாரிடமும் இல்லாத ஒரு பத்திரம் கிடைத்த சந்தோஷத்தில் அவர் அதற்கு நான்கு நகல் எடுத்தார். கம்பெனியில் பெரிய மோட்டார்களின் பக்கம் போக வேண்டாம் என்று வேலையை மாற்றி, புகார்களைப் பதிவு செய்கிற மேசையில் உட்காரவைத்தார்கள். போனில் வருகிற சத்தத்தைக் கேட்டே எந்த லிஃப்டில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிறாராம்.

கடைசித் தடுப்பில்தான் ஓட்டை விழுந்திருந்தது. காப்பீடு பெரும்பகுதியைக் கொடுத்தும், மிச்சம் பயணத்துக்குச் சேர்த்ததிலிருந்துதான் போனது. தங்கை பணம் அனுப்புகிறேன் என்றாள். அண்ணன் வேண்டாம் என்றார். அக்கா இருவருக்கும் நடுவில் புகுந்து, டிக்கெட்டும் பயணக் காப்பீடும் நம் செலவு, அங்கே இறங்கிய பிறகு எல்லாம் அவள் செலவு என்று பேசி முடித்தார். ஒரு மாதம் என்பதைப் பதினாறு நாளாகக் குறைத்தார்கள். விடுமுறைக் கூட்டம் முடிந்து டிக்கெட் விலை இறங்குகிற, அங்கே குளிர் ஏறுகிற மாதமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து மருத்துவர் பார்த்துவிட்டுத் தாராளமாகப் போய்வரலாம் என்று எழுதிக்கொடுத்தார். விசாவும் வந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் பயண முகவரின் மேசைக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். முகவர் நீல ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இருபது வருஷத்தில் இப்படி எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு டிக்கெட் கேட்க வந்தவர்கள் நீங்கள்தான் என்றார். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் பணம் கட்டும் நேரத்தில் அவருடைய கை நின்றுவிட்டது. இனிக் கேட்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை. அது அவருக்குப் புதுசு, பாவம், திணறிப்போய்விட்டார். அக்கா அவருடைய வங்கி அட்டையை விரல்களிலிருந்து மெல்ல உருவி முகவரிடம் கொடுத்தார்.

வெளியே வந்து நடைபாதையில் நின்றபடியே தங்கைக்குப் போன் போட்டார்கள். அங்கே விடிந்தும் விடியாத நேரம். தேதியைச் சொன்னதும் மறுமுனையில் சத்தமே இல்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று அக்கா போனை எடுத்துப் பார்த்தார்.

“இருக்கேன், இருக்கேன்” என்று மூக்கடைத்த குரல் வந்தது. “அங்கேருந்து கோட்டு வாங்கிட்டு வராதீங்க. இந்தக் குளிருக்கு அது தாங்காது. நான் இங்கயே வாங்கி வைக்கிறேன். ரெண்டு பேர் அளவும் சொல்லு.”

அக்காவுக்குத் தன் அளவு தெரியும். அண்ணனுடைய கை நீளம் நினைவில்லை. இத்தனை சட்டைகளைப் பார்த்தவர் வீட்டுச் சட்டையை அளந்ததே இல்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்த நடைபாதையிலேயே அவரைத் திருப்பி நிறுத்தி, தோள் முனையிலிருந்து மணிக்கட்டு வரை சாண் போட்டு அளந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒதுங்கிப் போனார்கள். அண்ணன் கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். மூன்று சாணும் நாலு விரலும் என்று நான் தங்கையிடம் சொன்னேன். யாருடைய சாண் என்று அவள் கேட்டாள்.