செலீனின் பெல்ட்

செலீனின் முதுகில் பெல்ட் அடித் தழும்புகள் இன்னும் கிடக்கின்றன. அவள் கிரீ என்ற பழங்குடி இனத்துப் பிள்ளை. நாலு வயதில் ஜேம்ஸ் விரிகுடாவில் தாயிடமிருந்து பிடுங்கி, இல்-பிசார் தீவில் பிரெஞ்சு பேசும் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்தார்கள். வந்த அன்றே "நிப்பீ" என்று கேட்டாளாம். கிரீயில் தண்ணீர். தண்ணீர் வரவில்லை, அடிதான் வந்தது. பிறகு பிரெஞ்சில் ஒரு சொல் பிழைத்தாலும் அடி. பதினாறு வயதில் அந்தப் பெல்ட்டையே களவெடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். நல்ல வேலை செய்தாள்!

இப்போது பார்க் எக்ஸ்டென்ஷனில் என் வீட்டு மேல்மாடியில் இருக்கிறாள். தாயின் ஆட்களைப்போல மணி தைத்துப் படங்கள் செய்கிறாள். அந்தப் பெல்ட் முழுக்கச் சிவப்பு மணிப்பூக்கள் தைத்தாள். நடுவில் ஒரேயொரு நீல மணி. கண் தவறிவிட்டதாக்கும் என்று சொன்னேன்.

"வேணுமெண்டுதான் வச்சனான், சிவமலர். பிழையில்லாமல் படைக்கிறது கடவுள் மட்டும்தானாம். அதாலை எங்கட ஆக்கள் ஒரு மணியை மாத்தி வைப்பினம்."

நாங்கள் பிரெஞ்சில்தான் கதைப்போம். எனக்கு அவள் சொன்னது தமிழாகத்தான் நினைவில் நிற்கிறது.

நான் அவளைப் பற்றி விவரணப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வளர்ப்புத் தகப்பன் என் கமராவுக்கு முன்னால், கை ஓங்கியதே இல்லை என்று பச்சைப் பொய் சொல்லியிருந்தான். அந்தக் கிழவனுக்கு மரியாதை கொடுக்க எனக்கு மனமில்லை. செலீனோ தன் மணிப்படங்களின் கண்காட்சிக்கு அவனை அழைத்தாள்.

"அடிச்சதை அந்தாள் ஒருக்கா ஒத்துக்கொண்டால் எனக்குப் போதும்."

கிழவன் வந்தான். நான் கமராவை ஓடவிட்டேன். சுவரில் தொங்கிய பெல்ட்டின் நீல மணியில் விரலை வைத்தான்.

"இதிலையும் பிழை விட்டிட்டாய்."

"ஓம். அது என்ரை பிழை. அப்பிடியே இருக்கும்."

அவன் முகம் சிவந்தது. பெல்ட்டை ஆணியிலிருந்து உருவி, முனையைக் கையில் சுற்றினான். எண்பது வயதிலும் அந்தக் கைக்கு மறக்கவில்லை. ஓங்கி வீசினான். செலீனின் கன்னம் பிளந்து மணிகளில் இரத்தம் தெறித்தது. அவன் குரல்வளையை நெரிக்க வேண்டும்போல் எனக்கு வெறி வந்தது.

"கமராவை நிப்பாட்டாதை!" என்று செலீன் கத்தினாள்.

அடுத்த வீச்சை வெறுங்கையால் பிடித்து இழுத்தாள். நூல் அறுந்து மணிகள் சிதறின. கிழவன் குப்புற விழுந்தான். தலையை நிமிர்த்திச் சனத்தைப் பார்த்தான், கமராவைப் பார்த்தான். பெல்ட் முனை இன்னும் அவன் கையில் சுற்றியிருந்தது.

"ஒத்துக்கொண்டிட்டார்," என்றாள் செலீன்.

கன்னத்தைக்கூடத் துடைக்காமல் நிலத்தில் குந்தினாள். முதலில் நீல மணியைத்தான் தேடி எடுத்தாள்.