எதைக் கேட்டாலும் ‘உண்டு’

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்தெருவில் எங்கள் அலுவலகம். கொரோனா முடக்கம் நீங்கி அழகர் மறுபடி ஆற்றில் இறங்கினாரே, அதற்கு அடுத்த ஆண்டு மாசியில் அந்த வேலை வந்தது. கோரிப்பாளையத்தில் ஒரு டயாலிசிஸ் மையம். மறுநாள் இடம் உண்டா என்று எங்கள் ஜாவா புரோகிராம் மையத்தின் சர்வரைக் கேட்டு, நோயாளிக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும்.

புரோகிராமைச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட்டில் உண்மையான சர்வரைத் தொடமாட்டோம். அதன் இடத்தில் ‘மாக்’ என்ற போலியை வைத்து, கேட்டால் என்ன பதில் தரவேண்டும் என்று முன்பே சொல்லிவைப்போம். எங்கள் அலுவலகத்தில் அந்த வரிகளை யாரும் புதிதாக எழுதியதில்லை. பழைய டெஸ்ட்டிலிருந்து நகலெடுப்பதே வழக்கம். அந்தப் போலி எதைக் கேட்டாலும் ‘உண்டு’ என்றே சொல்லும். டெஸ்ட் தேறினால் திரையில் பச்சை, தவறினால் சிவப்பு.

டெஸ்ட் எழுதியவள் என் பக்கத்து இருக்கைப் பெண், மேலூர்க்காரி. மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அவளுடைய அப்பா அதே மையத்தின் நோயாளி. சர்வர் பதிலே தராவிட்டால் என்ன ஆகும் என்று ஒருநாள் கேட்டாள். டீம் லீட் சிரித்தார்.

“ஏம்மா, மாக்கை ஊமையாக்கி நீயாப் போயி செவப்பு வாங்கப் போறியா? பச்சை வந்துருச்சுல்ல, விடு.”

சித்திரைப் பௌர்ணமிக் கூட்டத்தை நினைத்து மையத்தைப் பூட்டினார்கள். முந்தின மாலையே சர்வரையும் அணைத்துவிட்டார்கள். பதில் வராதபோது புரோகிராம், தொடக்கத்தில் கொடுத்துவைத்திருந்த மதிப்பையே எடுத்துக்கொண்டது. அதுவும் ‘உண்டு’தான். அவள் அப்பாவுக்கும் அப்படியே செய்தி போயிற்று. ‘இல்லை’ என்று போயிருந்தால் வீட்டில் அன்றைக்கே வேறு ஆஸ்பத்திரி பார்த்திருப்பார்கள்.

திருவிழா நாளாயிற்றே என்று அவள் அம்மா தடுத்திருக்கிறார். அப்பா கேட்கவில்லை. “நம்ம பிள்ளை எழுதுன புரோகிராம்ல வந்த மெசேஜு. தப்பா இருக்காது. போயிட்டு வாரேன்.”

பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் கூட்டத்தில் சிக்கிக்கொண்டார். மேலூர் சேர இருட்டிவிட்டது. மறுநாள் விடியும்போது மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்தார்.

அடக்கம் முடிந்து அவள் வேலைக்கு வந்தாள். இன்னும் சில நாள் ஓய்வெடுக்கும்படி லீட் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் அந்த டெஸ்ட்டைத் திறந்து, போலியைப் பதில் தராததாக மாற்றி ஓட்டினாள். சிவப்பு. லீட் பின்னால் வந்து நின்றார்.

பதில் வராவிட்டால் ‘இல்லை’ என்று செய்தி போகும்படி அவள் புரோகிராமைத் திருத்தி மறுபடி ஓட்டினாள். பச்சை வந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே என்னிடம் சொன்னாள்.

“மூணே வரிதாண்ணே.”