கடைசி அத்தியாயம் பாக்கி

செங்கல்பட்டு ஏரிக்கரையில் ஒரு விஞ்ஞான நாவலைப் பற்றிப் பேசக் கூடியிருந்தோம். அதில் வரும் புகழ்பெற்ற எழுத்தாளன், யாராவது அவனைப் படித்துக்கொண்டிருக்கும் வரைதான் உயிரோடிருப்பான். எட்டாவதோடு நின்றவன் நான். பேசச் சொல்வார்களோ என்று ஓரமாகப் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் நரைத்த மீசையுடன் கம்பெனி பஸ் டிரைவர் ஒருவர், நாவலுக்குள் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“முடிவு எப்டி அண்ணாத்த?” என்று ஒருவர் அவரைக் கேட்டார்.

“படிக்கல. நான் படிச்சிகினு இருந்தாதான அந்தாளு உசுரோட கீறான்?”

“யோவ், அது கதைய்யா!” எல்லோரும் சிரித்தார்கள்.

“தெரியுது. மனசு கேக்கல, இன்னா பண்றது?”

நான் முந்தின நாளே முடித்திருந்தேன். பதறிப்போய், “நான் மொதல்லேர்ந்து திரும்பப் படிக்கிறேங்க” என்றேன்.

“அப்பாடா! நீ ஆரம்பி நைனா, நான் முடிவப் பாத்துடறேன்” என்று கடைசி அத்தியாயத்தைத் திறந்தார்.

இனி அவரைப் படிக்கச் சொல்லலாமென்றால் பெயர்கூடத் தெரியாது. இப்போது இரண்டாம் தடவையும் கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டேன். இன்னும் முடிக்கப் பயமாக இருக்கிறது.